கட்டைவிரலுக்கு வேலை இல்லாத சைக்கிள்

எல்லாம் ஒரு குச்சியால் வந்தது. சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. இறக்கத்தில் வரும்போது முன்சக்கரம் அதை எற்றிவிட, அது துள்ளிப் போய்ப் பின்பக்கம் செயினுக்கும் டிரெய்லியருக்கும் நடுவில் செருகிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து நான் மிதித்தேன். 'கடக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொரு பல்சக்கரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்த அந்த டிரெய்லியர் ஸ்போக்குகளுக்குள் சுருண்டு கிடக்கிறது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த ஹேங்கர் இரண்டு துண்டு. ஹேங்கர் என்பதே உடைவதற்கென்று வைத்த மெல்லிய அலுமினியத் துண்டுதான். அது உடையாமல் அடம்பிடித்தால் ஃபிரேம் வளைந்துவிடும். அந்த வகையில் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஆனால் ரோட்டைத் தொட இன்னும் 9 கிலோமீட்டர் காட்டுப்பாதை பாக்கி.

"அண்ணே, தள்ளிக்கிட்டே போகவேண்டியதுதானா?" என்று கூட வந்தவரிடம் கேட்டேன். மண்பாதையில் என்னைவிடப் பதினைந்து வருஷம் சீனியர்.

"எதுக்குத் தள்ளணும்? செயின் கட்டர் வச்சிருக்கியா? எடு. இனிமே உனக்கு ஒரே கியர்."

டிரெய்லியரைக் கழற்றி என் பைக்குள் போட்டார். செயினை நடுவாந்தரமான ஒரு பல்சக்கரத்தில் சுற்றி, இழுத்துப் பார்த்து, மிச்சம் தொங்கிய கண்ணிகளை வெட்டிவிட்டு, க்விக் லிங்க் என்ற இணைப்புக் கண்ணி போட்டு மாட்டினார். பத்து நிமிஷ வேலை. பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் என்பதால் பிழைத்தேன். பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் அது அமுங்கும்போதெல்லாம் பெடல் சுழலும் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம் மாறும். இறுகக் கட்டிய செயின் அதற்குத் தாங்காது.

வழியில் மூன்று முறை செயின் தானாகவே பெரிய பல்சக்கரத்துக்கு ஏறி, நரம்பு மாதிரி இறுகிச் சிக்கிக்கொண்டது. கேசட்டில், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கில், இருக்கும் பற்கள் குட்டையானவை. செயின் பக்கத்துப் பல்சக்கரத்துக்குச் சுலபமாக ஏற வேண்டும் என்றே பக்கவாட்டில் செதுக்கி வைத்திருப்பார்கள். அதைக் கட்டுப்படுத்த டிரெய்லியர் இல்லையென்றால் அதன் இஷ்டத்துக்கு ஏறும். ஒவ்வொரு முறையும் இறங்கி, கையெல்லாம் கறுப்பாக, எடுத்துவிட்டு மறுபடி மாட்டினேன்.

ஆனால் அந்த மூன்று தடங்கலுக்கும் இடையில் வேறொன்று நடந்தது. மேடு வந்ததும் என் வலது கட்டைவிரல் தானாகப் போய் கியர் மாற்றும் ஷிஃப்டரை அழுத்தியது. கம்பியின் மறுமுனையில் எதுவும் இல்லை. இன்னொரு மேடு, இன்னொரு அழுத்தல். நாலைந்து தடவைக்கு அப்புறம் விரல் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது. கண் வேலை பார்க்க ஆரம்பித்தது. மேடு வருவதற்கு இருபது முப்பது மீட்டர் முன்னாலேயே பார்த்து, எங்கே பிரேக் பிடிக்காமல் விட்டால் எங்கே வரை வேகம் தாங்கும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். ரோட்டுக்கு வந்தபோது தொடை இரண்டும் கல்லாகியிருந்தது. முகத்தில் சிரிப்பு. அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "ஒட்டிக்கிச்சு போல" என்றார்.

ஒட்டிக்கொண்டுதான் விட்டது. புது டிரெய்லியரும் ஹேங்கரும் வாங்கி அந்தச் சைக்கிளைச் சரிசெய்துவிட்டேன். ஆனால் மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய ஹார்ட்டெயிலைச் சிங்கிள் ஸ்பீடாக மாற்றினேன். நாலைந்து வருஷமாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். 'எதை வாங்கலாம்?' என்று கேட்பவர்களுக்குப் பொதுவாக ஒரு பதில் கிடைக்கும். ஜாலியாக ஓட்ட வேண்டுமா, கியர் வாங்கு. உடம்பு உறுதியாக வேண்டுமா, சிங்கிள் ஸ்பீட் வாங்கு, கால் இரும்பாகிவிடும். என் அனுபவத்தில் இது அப்படியே தலைகீழ். உடம்புக்காக ஓட்டும் நாளில் கியர் சைக்கிளை எடுக்கிறேன். விளையாட்டுக்காக ஓட்டும் நாளில் ஒற்றைக் கியர்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சிங்கிள் ஸ்பீடும் ஃபிக்ஸ்டு கியரும் வேறு வேறு. ஃபிக்ஸ்டு கியரில் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆக வேண்டும். சிங்கிள் ஸ்பீடில் ஃப்ரீவீல் உண்டு. இறக்கத்தில் காலை நிறுத்திக்கொண்டு உருளலாம். சிறுவயதில் நாம் எல்லோரும் ஓட்டிய சாதாரண சைக்கிள் மாதிரிதான்.

இப்போது கணக்கு. என் சிங்கிள் ஸ்பீடில் முன்னால் 32 பல், பின்னால் 20 பல். ஒரு முறை பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் 1.6 சுற்று சுற்றும். 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு டயரோடு சேர்த்து ஏறத்தாழ 2.3 மீட்டர். ஆக, ஒரு மிதிக்கு சுமார் 3.7 மீட்டர். கியர் சைக்கிளில் முன்னால் அதே 32, பின்னால் 10 முதல் 51 வரை பன்னிரண்டு பல்சக்கரம். மிகச் சுலபமான கியரில் ஒரு மிதிக்கு 1.44 மீட்டர், மிகக் கடினமானதில் 7.4 மீட்டர்.

நானும் சைக்கிளும் தண்ணீரும் பையும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஒரு மண்மேடு. சிங்கிள் ஸ்பீடில் நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்து அதில் ஏற வேண்டுமென்றால் 350 வாட் அளவுக்குச் சக்தி வேண்டும். என்னைப் போன்றவர்களால் அதை ஓரிரு நிமிஷத்துக்கு மேல் தர முடியாது. சரி, 40 சுற்றாகக் குறைத்தால்? அப்போதும் 235 வாட் பக்கம். கியர் சைக்கிளில் 51 பல்லில் போட்டு 60 சுற்று மிதித்தால் 140 வாட்டில் ஏறிவிடலாம். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்தான், நடக்கிற வேகம். ஆனால் பேசிக்கொண்டே ஏறலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சிங்கிள் ஸ்பீடில் மெதுவாகப் போவதால் மூச்சுக்கு வேண்டுமானால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும், காலுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு மிதிக்கும் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை மேடும் பல்லும்தான் தீர்மானிக்கின்றன, வேகம் கிடையாது. மேலே சொன்ன மேட்டில் அந்த அழுத்தம் சராசரியாக 33 கிலோ. கால் கீழ்நோக்கி இறங்கும் நடுக்கட்டத்தில் ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு. கியர் சைக்கிளில் சராசரி 13 கிலோ. இரண்டரை மடங்கு வித்தியாசம். உட்கார்ந்த நிலையில் முட்டி அதைத் தாங்காது. எழுந்து நின்று, ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து, உடம்பு எடையைப் பெடல்மேல் போட்டுத்தான் ஏற வேண்டும். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேலிருந்த பாரம் முன்னுக்குப் போகும்; பொடிக்கல் இருந்தால் பின்டயர் சறுக்கும். அதனால் இடுப்பைப் பின்னே, மார்பை முன்னே தாழ்த்தி, ஒரு மாதிரி கோணலாக நிற்கப் பழக வேண்டும். எனக்கு இது பிடிபட இரண்டு மாசம் ஆனது.

இதெல்லாம் உடற்பயிற்சிதானே என்று கேட்கலாம். உடற்பயிற்சிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அளவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. நெஞ்சில் பட்டை கட்டிக்கொண்டு ஒரே பாதையை இரண்டு சைக்கிளிலும் ஓட்டிப் பார்த்தேன். கியர் சைக்கிளில் இதயத் துடிப்பின் கோடு ஒரு மேட்டுநிலம் மாதிரி. 130க்கு ஏறி, 140க்குள் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நிற்கிறது. சிங்கிள் ஸ்பீடில் அது ரம்பப் பல். மேட்டில் 170, சமதளத்தில் 105, மறுபடி 168, மறுபடி 100. கடைசியில் கருவி காட்டிய சராசரி இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சிங்கிள் ஸ்பீடில் அந்தச் சராசரித் துடிப்பில் நான் இருந்த நேரம் அநேகமாக இல்லவே இல்லை. மேலேயும் கீழேயும் போகும்போது அதைக் கடந்து போனதோடு சரி.

நெஞ்சும் ரத்தக்குழாயும் தாங்குதிறன் பெற, நீண்ட நேரம் மிதமாக மிதிப்பதுதான் அஸ்திவாரம். கூட வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியாது என்கிற அளவு. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இல்லையென்றால் 75 முதல் 150 நிமிஷம் கடும் உழைப்பு, அல்லது இரண்டும் கலந்து என்கிறது. மேடும் பள்ளமுமான பாதையில் சிங்கிள் ஸ்பீடைக் கொண்டுபோய் 'இன்றைக்கு மிதமாக ஓட்டப்போகிறேன்' என்று சொன்னால் பாதை சிரிக்கும். அங்கே மிதம் என்ற பேச்சே கிடையாது. ஏறு, இல்லையேல் இறங்கித் தள்ளு. வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வலித்தது. இரண்டாம் வருஷம், காய்ச்சல் வந்து படுத்து எழுந்த அடுத்த வாரம், 'லேசாக ஒரு சுற்று' என்று சிங்கிள் ஸ்பீடை எடுத்துக்கொண்டு போனேன். முதல் மேட்டில் லேசு முடிந்துவிட்டது. தள்ளியிருக்கலாம், வீம்பு விடவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு, 30 சுற்றில், உட்கார்ந்தபடியே ஏறினேன். அன்று இரவு இடது முட்டிச்சில்லின் அடியில் ஆரம்பித்த வலி ஆறு வாரம் கூடவே இருந்தது. படி இறங்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்தியது. அந்த ஆறு வாரமும் கியர் சைக்கிளில், சீட்டை கொஞ்சம் உயர்த்தி, சுலபமான கியரில், 85 சுற்றுக்கு மேல் காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் சிங்கிள் ஸ்பீட் மட்டும்தான் என்னிடம் இருந்திருந்தால் வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

உடல்நலத்துக்காக ஓட்டத் தொடங்குபவர்களிடம் கியர் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இன்று எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று அளந்து கொடுக்கும் கருவி அது. நிறையப் பேர் கியரை வேகத்துக்கான சாதனம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது மருந்துக் குப்பியோடு வரும் அளவு மூடி.

அப்படியானால் சிங்கிள் ஸ்பீட் எதற்கு? அந்தப் பாதையின் விளையாட்டுக்கு. எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடம் இருக்கிறது. சின்ன இறக்கம், அடியில் வலப்பக்கம் ஒரு வளைவு, வளைந்த உடனே நெட்டுக்குத்தாக ஓர் எட்டு மீட்டர் மேடு. கியர் சைக்கிளில் அங்கே என்ன செய்வேன்? வளைவில் பிரேக் பிடிப்பேன், மூன்று தடவை கிளிக் செய்வேன், உட்கார்ந்தபடி ஏறுவேன். நூறு முறை போயிருப்பேன், அந்த வளைவு எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிங்கிள் ஸ்பீடில் முதல் முறை போனபோது மேட்டின் பாதியில் நின்றுவிட்டேன். இரண்டாவது முறையும். அப்புறம் இறங்கி, வளைவை நடந்து பார்த்தேன். வெளிப்பக்க ஓரத்தில் மண் ஒதுங்கி, உள்ளங்கை குவித்த மாதிரி ஒரு சரிவு இருந்தது. அதில் டயரை ஏற்றினால் பிரேக்கே வேண்டாம். சரிவு சைக்கிளைத் தாங்கித் திருப்பிவிடும். அந்த வேகத்தோடு வந்தால் எட்டில் ஐந்து மீட்டர் இனாம். மிச்சம் மூன்றுக்கு ஒரே மிதி. அது வாய்த்த நாளில் நான் போட்ட சத்தத்தில் ஒரு பறவைக் கூட்டமே கிளம்பிவிட்டது. நூறு முறை போன வளைவை நூற்றுமூன்றாவது தடவைதான் பார்த்தேன்.

இதற்குப் பிறகு எல்லா இறக்கமும் அடுத்த மேட்டுக்கான சேமிப்பாகிவிட்டது. எங்கே விடுவது, எங்கே பிடிப்பது. தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டால் அதற்கான வட்டியை அடுத்த மேட்டில் தொடை கட்டும்.

இன்னொன்று, சத்தம். நன்றாகப் பூட்டிய சிங்கிள் ஸ்பீட் அநேகமாகச் சத்தமே போடாது. செயின் ஃபிரேமில் அடிக்காது, பற்களுக்கிடையே தாவாது. டயருக்கடியில் சருகு நொறுங்குவது, ஃப்ரீவீலின் மெல்லிய கிர்ர். அவ்வளவுதான்.

மவுண்டன் பைக் பிறந்ததே ஒற்றைக் கியரோடுதான் என்பதை நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். 1976 அக்டோபர் 21ல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே ரீபேக் என்ற மண்பாதையில் முதல் போட்டி நடந்தது. சுமார் 3.4 கிலோமீட்டர் நீளம், 400 மீட்டர் இறக்கம். ஓட்டியவர்களில் பலரிடம் இருந்தவை இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த கனத்த பழைய ஷ்வின் சைக்கிள்கள். ஒரே கியர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கி வருவதற்குள் பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பின் கிரீஸ் கொதித்துப் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பது என்ற அந்த வேலையே பாதைக்குப் பெயராகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்த கேரி ஃபிஷர் போன்றவர்கள் அந்தக் கனத்த சைக்கிள்களில் கியர் மாட்டினார்கள். மாட்டியதும் தள்ளிக்கொண்டு ஏறிய மலையை ஓட்டிக்கொண்டே ஏற முடிந்தது. 1981ல் வந்த ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் சைக்கிளில் 15 கியர். அப்புறம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், முன்னால் மூன்று, பின்னால் பத்து என்று முப்பது வரை வந்தது. பிறகு சலித்துப்போய் முன்னால் இருந்த மூன்றையும் ஒன்றாக்கினார்கள். 2012ல் ஸ்ராம் நிறுவனம் பின்னால் மட்டும் 11, 2016ல் 12. முன்பக்கக் கியரை மாற்றிக்கொண்டிருந்த இடது கட்டைவிரலுக்கு இப்போது பல மவுண்டன் பைக்குகளில் கியர் வேலையிலிருந்து ஓய்வு. நான் வலது விரலுக்கும் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சிங்கிள் ஸ்பீட் ஆட்கள் கொஞ்சம் கிறுக்கர்கள் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இவர்களுக்கென்று தனி உலகச் சாம்பியன்ஷிப் இருக்கிறது; ஜெயித்தால் பரிசு உடம்பில் பச்சை குத்துவது. வேண்டாமென்றால் ஜெயிக்கக் கூடாது.

அருமையைச் சொன்னவன் அவஸ்தையையும் சொல்ல வேண்டும். சமதளத் தார்ரோட்டில் சிங்கிள் ஸ்பீட் ஒரு கொடுமை. நிமிஷத்துக்கு 110 சுற்று மிதித்தாலும் மணிக்கு 24 கிலோமீட்டர்தான் வரும். தையல் மெஷின் ஊசி மாதிரி கால் துடித்துக்கொண்டிருக்க, கூட வந்தவர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டே கண்ணிலிருந்து மறைவார்கள். காட்டுக்குள் மேடு வந்தால் கதை மாறும். அவர்கள் உட்கார்ந்து மெதுவாக ஏறுவார்கள், என்னால் மெதுவாக ஏற முடியாது என்பதால் முந்திப் போய் உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன். மொத்தத்தில் யாரோடும் சேர்ந்து ஓட்ட முடியாது. எந்தப் பல்லைத் தேர்ந்தெடுத்தாலும் ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம் என்கிற கதைதான். மேட்டுக்குப் பார்த்தால் ரோடு கெட்டது, ரோட்டுக்குப் பார்த்தால் மேடு கெட்டது.

பராமரிப்பு குறைவு என்பது உண்மை. பன்னிரண்டு கியர் செயின் மெலிந்தது, தேய்ந்து 0.5 சதவீதம் நீண்டதுமே மாற்றச் சொல்வார்கள், விட்டால் கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். சேறும் மணலும் நிறைந்த காலத்தில் சிங்கிள் ஸ்பீடைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து வைத்தால் போதும். ஆனால் பழைய சைக்கிளை மாற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நான் கண்ணளவில் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டேன். நின்று மிதித்த முதல் மேட்டிலேயே செயின் எகிறி, பெடல் காலடியிலிருந்து நழுவி, ஹேண்டில்பார் தண்டில் நெஞ்சு இடித்தது. பிறகு ஸ்கேல் வைத்து அளந்தால் 4 மில்லிமீட்டர் விலகல். இரண்டு வளையத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் போட்டேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கழன்றதில்லை. பழைய ஃபிரேமில் பின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்த வழி இல்லையென்றால், செயினை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் ஒன்று தேவைப்படும். பார்க்க டிரெய்லியர் மாதிரியே இருக்கும். கியரை ஒழித்துக்கட்டிவிட்டதாகப் பெருமை பேசும் சைக்கிளில் அதே இடத்தில் அது தொங்குவது எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியைத் தொடங்கிய ஆன்ரி டெக்ரான்ஜ், கியர் என்பது 45 வயதைத் தாண்டியவர்களுக்கானது என்று 1902ல் எழுதினார். தன் போட்டியில் டிரெய்லியரை அவர் நெடுநாள் அனுமதிக்கவில்லை. 1937ல்தான் அது உள்ளே வந்தது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். மறுபக்கத்தில் பெரிய பல் இருக்கும். மனிதர் பிடிவாதக்காரர். வேகத்தை முடிவு செய்யும் போட்டிக்கு அது மூடத்தனமான விதி என்றே நினைக்கிறேன். ஆனால் போன மாசம் எனக்கு 46 முடிந்தபோது அவர் ஞாபகம் வராமல் இல்லை.

அந்த வாரம்தான் பின்னால் இருந்த 20 பல்லைக் கழற்றிவிட்டு 22 பல் போட்டேன். ஒரு மிதிக்கு 3.7 மீட்டராக இருந்தது 3.35 ஆகியிருக்கிறது. ரோட்டில் இன்னும் 2 கிலோமீட்டர் வேகம் குறையும். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் குனிந்து பார்த்து, பல்லை எண்ணிவிட்டு, எதுவும் பேசாமல் தண்ணீர் குடித்தார்.

எங்கள் வழக்கமான பாதையில் வேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே ஓடும் ஒரு மேடு உண்டு. மொத்தம் ஏழு வேர். சிங்கிள் ஸ்பீடில் நான் எப்போதும் இரண்டாவது வேரில் இறங்கித் தள்ளுவேன். புதுப் பல்லோடு நேற்றுப் போனேன். எழுந்து நின்று, முன்சக்கரத்தைத் தூக்கிப் போட்டு, இடுப்பைப் பின்னே தள்ளி, இரண்டாவதைத் தாண்டிவிட்டேன். மூன்றாவதில் பின்டயர் சறுக்கி, பக்கத்துப் புதரில் விழுந்தேன். விழும்போது வலது கட்டைவிரல் ஹேண்டில்பாரின் அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.